இலந்தையில் ஈரம்: எடைக்கு ஆசைப்பட்டால் சரக்கு போகும்

மானாவாரி நிலங்களில் அதிகச் செலவும் பராமரிப்பும் இன்றிப் பலன் தரும் மரங்களில் இலந்தையும் ஒன்று. கரிசல், செம்மண், சரளை, ஓரளவு உவர் நிலம் என எந்த மண்ணிலும் வேரை ஆழமாக விட்டு வறட்சியைத் தாங்கி நிற்கும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, மழை கண்டதும் துளிர்த்து, புரட்டாசி, ஐப்பசியில் பூத்து, மார்கழிக் கடைசி முதல் மாசி வரை பழம் கொடுக்கும். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் வரப்போரங்களிலும் தரிசிலும் தானாக முளைத்த நாட்டு இலந்தையும் உண்டு. உம்ரான், பனாரசி, கோலா, கைத்லி போன்ற உயர் ரகங்களை மொட்டுக் கட்டி வளர்ப்போரும் உண்டு.

பழம் விளைவதில் சிரமம் இல்லை. விற்பதில்தான் சிரமம். எல்லார் மரத்திலும் ஒரே சமயத்தில் பழம் பழுக்கிறது. பறித்த பழம் நிழலில் வைத்தாலும் நாலைந்து நாளில் வதங்கத் தொடங்கும். ஒரு வாரம் கடந்தால் பெரும்பகுதி அழுகிப் போகும். ஆகவே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டிய நிலை. இதிலிருந்து தப்பிக்கப் பழத்தைக் காய வைத்து, பருவம் கடந்த பின் விற்கலாம் என்று சிலர் முயற்சி செய்கின்றனர். அவர்களில் பலருக்கு மூட்டையை ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் பூசணமும் புளித்த வாடையும்தான் கிடைக்கின்றன. நன்றாகத்தானே காய்ந்தது, ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடை பழத்தில் உள்ள ஈரத்தில் இருக்கிறது. அந்த ஈரத்தின் தன்மையைத் தெரிந்துகொண்டால் நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

பழத்தில் உள்ள சத்துகள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுச் சத்து அட்டவணை நெடுங்காலமாக வழக்கில் இருந்து வருகிறது. அதன்படி 100 கிராம் இலந்தைச் சதையில் அடங்கியுள்ளவை:

ஈரம் – 81.6 கிராம்
கார்போஹைட்ரேட் – 17.0 கிராம்
புரதம் – 0.8 கிராம்
கொழுப்பு – 0.3 கிராம்
தாது உப்புகள் – 0.3 கிராம்

இவை தவிர வைட்டமின் 'சி' 76 மில்லிகிராம் உள்ளது. அதே அட்டவணையில் ஆரஞ்சுக்கு 30 மில்லிகிராம் என்றுதான் காணப்படுகிறது. ஏழைகளின் பழம் என்று இலந்தையை ஒதுக்குவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். ரகம், மண், பழத்தின் முதிர்ச்சி ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவுகள் கூடவும் குறையவும் செய்யும்.

விவசாயி இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது முதல் இரண்டு வரிகளை. பழத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். மீதி உள்ள 18.4 கிராம்தான் திடப்பொருள். அதிலும் பெரும்பங்கு சர்க்கரை. தண்ணீர் மிகுந்திருப்பதால் பழம் சீக்கிரம் கெடுகிறது. சர்க்கரை மிகுந்திருப்பதால் அதே பழத்தை முறையாகக் காய வைத்தால் நெடுநாள் இருக்கிறது. இரண்டும் ஒரே பழத்தில் உள்ள குணங்கள்.

ஓடும் நீரும் ஒட்டிய நீரும்

நெல்லைச் சேமிக்க ஈரம் 14 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விவசாயிகள் அறிந்ததே. 20 சதம் ஈரமுள்ள நெல்லை மூட்டை பிடித்தால் சூடேறி, முளைவிட்டு, மக்கிப் போகும். ஆனால் தேனில் 18 சதம் ஈரம் இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. இது எப்படி?

தேனில் உள்ள நீரைச் சர்க்கரை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. பூசணமும் நொதியும் அந்த நீரை எடுத்துக்கொள்ள இயலாது. நெல்லில் அவ்வாறு பிடித்து வைக்கச் சர்க்கரை இல்லை. எனவே ஒரு பொருள் கெடுமா, கெடாதா என்பதை அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த ஈரத்தில் எவ்வளவு பங்கு பிடிபடாமல் ஓடும் நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

விஞ்ஞானிகள் இதனை நீரின் செயல்திறன் என்று கூறி 0 முதல் 1 வரை அளக்கின்றனர். சுத்தமான தண்ணீருக்கு 1. பறித்த பழம் ஏறத்தாழ அந்த அளவிலேயே இருக்கும். செயல்திறன் 0.91-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வளராது. 0.80-க்குக் கீழே இறங்கினால் பூசணங்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது.

இலந்தைச் சதையைக் காய வைக்கும்போது முதலில் போவது ஓடும் நீர். அது விரைவாகப் போகும். பிறகு சர்க்கரை கெட்டியாகி, மீதி உள்ள நீரைப் பற்றிக்கொள்ளும். ஈரம் 20 சதம் அல்லது அதற்குச் சற்றுக் கீழே வரும்போது பூசணத்துக்கு வேண்டிய நீர் அநேகமாக இல்லாமல் போகிறது. சீனாவில் விளையும் சீன இலந்தை வேறு இனம். அதைக் காய வைத்துப் பேரீச்சை போல உலகெங்கும் விற்கின்றனர். அந்தப் பழத்திலும் பறித்தபோது ஏறத்தாழ 78 சதமாக உள்ள ஈரம், காய்ந்த சரக்கில் ஏறத்தாழ 20 சதமாகக் குறைக்கப்பட்டிருக்கும். நம் இலந்தைக்கும் அந்த 20 சதத்தையே எல்லையாக வைத்துக்கொள்வது நலம்.

நெல்லில் பார்க்கும் ஈரமானியை இலந்தையில் குத்திப் பார்ப்பதில் பயன் இல்லை. அக்கருவி தானியத்துக்கென அளவு குறிக்கப்பட்டது. சர்க்கரை மிகுந்த பழத்தில் அது காட்டும் எண் தவறாகவே இருக்கும்.

100 கிலோ சதை எத்தனை கிலோ ஆகும்?

காய வைக்கும்போது போவது தண்ணீர் மட்டுமே. திடப்பொருள் அப்படியே இருக்கிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் கணக்கு எளிது.

கொட்டை நீக்கிய 100 கிலோ சதையில் திடப்பொருள் 18.4 கிலோ. காய்ந்த சரக்கில் ஈரம் 20 சதம் என்றால் திடப்பொருள் 80 சதம். 18.4-ஐ 80-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 23 வரும். அதாவது 100 கிலோ சதை 23 கிலோவாக வர வேண்டும். 77 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும்.

இப்போது 30 சதம் ஈரத்திலேயே ஒருவர் மூட்டை பிடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது சரக்கு 26 கிலோ 300 கிராம் இருக்கும். 3 கிலோ 300 கிராம் கூடுதல் எடை. மேலும் இரண்டு மூன்று நாள் வெயிலில் போடும் வேலையும் மிச்சம். இந்த ஆசைதான் பலரையும் கெடுக்கிறது. கூடுதலாகக் கிடைத்த 3 கிலோ 300 கிராமும் தண்ணீர். அந்தத் தண்ணீர் மீதி 23 கிலோவையும் அழித்துவிடும். விலை எதுவாயினும் 3 கிலோ லாபத்துக்காக 23 கிலோவைப் பணயம் வைப்பது வியாபாரம் ஆகாது. பூசண வாடை ஒருமுறை கண்ட வியாபாரி அடுத்த ஆண்டு அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டார் என்பதையும் நஷ்டக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எடை கூட நேர் வழி

எடை கூட வேண்டும் என்ற ஆசை தவறில்லை. அதைக் காய வைக்கும் களத்தில் தேடாமல் மரத்தில் தேட வேண்டும்.

பழத்தில் ஈரம் 81.6 சதத்துக்குப் பதில் 78 சதம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 கிலோ சதையில் திடப்பொருள் 22 கிலோ. அதை 20 சதம் ஈரத்துக்குக் காய வைத்தால் 27 கிலோ 500 கிராம் கிடைக்கும். முன்பு கிடைத்த 23 கிலோவைவிட 4 கிலோ 500 கிராம் கூடுதல். ஈரத்தை விட்டுவைத்துக் கிடைத்த 3 கிலோ 300 கிராமைவிட இது அதிகம். இவ்வளவும் சர்க்கரையும் சதையுமாக இருப்பதால் கெடாது.

இந்தக் கூடுதல் திடப்பொருள் பழத்தின் முதிர்ச்சியால் வருகிறது. பச்சை நிறம் மாறாத காயைப் பறித்து வைத்தால் சுருங்குமே தவிர இனிப்பு ஏறாது. பச்சை மாறி மஞ்சளும் பொன்னிறமும் கண்ட பிறகே பறிக்க வேண்டும். காய வைப்பதற்கு உம்ரான் ரகத்தில் பொன்மஞ்சள் நிறம் முழுவதும் வந்து பழுப்பு படரத் தொடங்கிய பழம் ஏற்றது. ஒரே மரத்தில் பழங்கள் ஒன்றாகப் பழுப்பதில்லை. ஆகவே மரத்தை ஒரே நாளில் உலுக்கிவிடாமல், நான்கைந்து முறையாகப் பார்த்துப் பறிப்பது நல்லது.

காய் பருக்கும் பருவத்தில் மண்ணில் ஈரம் தேவை. நீர் வசதி உள்ளவர்கள் அப்போது பாய்ச்சலாம். பழம் நிறம் மாறும் தருணத்தில் மிகுதியாகப் பாய்ச்சினால் பழம் நீர்த்துப் போகும், இனிப்பும் குறையும். அறுவடைக்கு முந்தைய நாட்களில் பாய்ச்சலை நிறுத்துவது, காய வைப்போருக்கும் புதுப் பழமாக விற்போருக்கும் நல்லது.

புதுப் பழமாக விற்போர் கவனத்திற்கு

பறித்த பழமும் தோல் வழியாகவும் காம்பு இருந்த குழி வழியாகவும் தொடர்ந்து நீரை இழந்துகொண்டே இருக்கிறது. வெயிலில் இழப்பு அதிகம். சிறிதளவு நீர் போனாலும் தோல் சுருங்கி, பார்வை கெட்டு, விலை சரியும். இங்கே பழத்தின் ஈரத்தைக் காப்பதே நோக்கமாக இருக்க வேண்டும்.

காலை வெயில் ஏறுமுன் பறித்து உடனே நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். தடியால் அடித்து உதிர்த்த பழத்தில் உள்காயம் ஏற்படும். அந்த இடமே முதலில் அழுகும். கூடையில் உயரமாக அடைத்தால் அடிப்பழம் நசுங்கும். பழம் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து மூட்டை கட்டும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அதனால் எடை சற்றுக் கூடலாம்; ஆனால் ஈரம் பட்ட தோலில் அழுகல் விரைந்து பரவும். கழுவிய பழமாயின் நீர் வடிந்து தோல் உலர்ந்த பிறகே கூடையில் இட வேண்டும்.

காய வைக்கும் முறை

முதல் வேலை தரம் பிரித்தல். இலந்தையில் பழ ஈயின் புழு பெருந்தொல்லை. வெளியே சிறு துளையோ, தொட்டால் மெத்தென்ற இடமோ தெரிந்தால் அப்பழத்தை ஒதுக்க வேண்டும். புழு விழுந்த பழத்தைத் தோட்டத்திலேயே எறியாமல் ஆழக் குழியில் புதைத்தால் அடுத்த பருவத்தில் ஈயின் தொல்லை குறையும். தரையில் உதிர்ந்து மண் ஒட்டிய பழத்தைத் தனியே கழுவிச் சோதித்துத்தான் சேர்க்க வேண்டும்.

இலந்தையின் தோலில் மெழுகு போன்ற மெல்லிய பூச்சு உண்டு. பழம் மரத்தில் வாடாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. காய வைக்கும்போது அதுவே நீர் வெளியேறத் தடையாக நிற்கிறது. முழுப் பழத்தை அப்படியே பரப்பினால் தோல் சுருங்கிவிடும்; உள்ளே ஈரம் தங்கிவிடும். பார்ப்பதற்குக் காய்ந்ததாகத் தோன்றும் இந்தப் பழம்தான் மூட்டைக்குள் போய்க் கெடுகிறது.

இதைத் தவிர்க்கக் கழுவிய பழத்தைத் துணியில் கட்டிக் கொதிக்கும் நீரில் 2 முதல் 6 நிமிடம் வரை முக்கி எடுக்க வேண்டும். சிறு பழத்துக்கு 2 நிமிடம் போதும். பெரிய உம்ரான் பழத்துக்குக் கூடுதல் நேரம் தேவை. தோல் இளகி லேசாக வெடிக்கும் பதமே கணக்கு. இதனால் மெழுகுத் தடை நீங்குவதுடன், பழத்தைக் கறுக்கச் செய்யும் நொதிகளும் அழிகின்றன. பெரிய பழத்தை இரண்டாகப் பிளந்து கொட்டையை நீக்கிவிட்டால் இன்னும் விரைவாகக் காயும்.

நிறம் கெடாமல் இருக்கக் கிலோவுக்கு 3.5 முதல் 10 கிராம் வரை கந்தகத்தை எரித்து, மூடிய அறையில் 3 மணி நேரம் புகை காட்டும் முறையும் உண்டு. சிறு விவசாயி வீட்டளவில் செய்வதற்கு இது அவசியம் இல்லை. கந்தகப் புகை மூச்சுக்குத் தீங்கு செய்யும். பழத்தில் தங்கும் கந்தகம் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. புகை காட்டாத பழம் சற்றுக் கறுத்திருக்கும். சுவையில் குறைவு இராது.

பழத்தைத் தரையில் பரப்பக் கூடாது. மூங்கில் தட்டி அல்லது மரச்சட்டத்தில் கட்டிய நைலான் வலையை இடுப்பளவு உயரத்தில் அமைத்து ஒரே அடுக்காகப் பரப்பினால் அடியிலும் காற்றுப் போகும். மண், கோழி, எறும்புத் தொல்லையும் இராது. மேலே மெல்லிய வலைத்துணி போர்த்தினால் ஈ மொய்க்காது. நாளுக்கு இருமுறை திருப்பிவிட வேண்டும்.

நல்ல வெயிலில் 7 முதல் 10 நாட்கள் ஆகும். முதல் இரண்டு நாட்களில் எடை வேகமாகக் குறையும். பிறகு நாள் முழுதும் காய்ந்தாலும் எடை சிறிதே இறங்கும். உள்ளிருக்கும் நீர் மெதுவாகத் தோலுக்கு வந்துதான் ஆவியாக வேண்டும் என்பதே காரணம். காய்ந்துவிட்டது என்று பலர் ஏமாறுவதும் இந்தக் கட்டத்தில்தான். அவசரப்பட்டு அதிகச் சூடு காட்டினால் மேற்புறம் ஓடு போல் இறுகி, உள் ஈரத்துக்கு வழி அடைபடும். உலர்த்தி வைத்திருப்போரும் 60 முதல் 65 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இலந்தை காய வைக்கும் மாதங்களும் அவையே. பகலெல்லாம் காய்ந்த பழத்தை இரவில் திறந்த வெளியில் விட்டால், அதிலுள்ள சர்க்கரை பனி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெல்லம் கசிவது எதனாலோ அதனால்தான் இதுவும் நிகழ்கிறது. பொழுது சாயுமுன் தட்டிகளை உள்ளே எடுத்துவிட வேண்டும். காலையில் பனி விலகிய பிறகே வெளியே வைக்க வேண்டும். பலர் சேர்ந்து செய்வதாயின் சூரிய கூடார உலர்த்தி அமைத்துக்கொள்ளலாம். அதற்குரிய மானியத்தை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்து அறியலாம்.

பதம் பார்ப்பது எப்படி?

ஒரு தட்டியை அடையாளமிட்டு மாதிரித் தட்டியாக வைத்துக்கொள்வதே சிறந்த வழி. கொட்டை நீக்கிய சதை 5 கிலோவை அதில் நிறுத்துப் பரப்ப வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி 5 கிலோ சதை 1 கிலோ 150 கிராமாக இறங்கும்போது ஈரம் ஏறத்தாழ 20 சதம். நாலாம் நாள் முதல் மாலைதோறும் நிறுத்து, ஒரு நோட்டில் எழுதி வந்தால் காய்ச்சல் எந்த அளவில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

முழுப் பழமாகக் காய வைப்போர் கொட்டையின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு கிலோ பழத்தில் கொட்டையை எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். கொட்டை 60 கிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால் சதை 940 கிராம். அது காய்ந்து 216 கிராம் ஆகும். கொட்டையையும் சேர்த்தால் ஏறத்தாழ 275 கிராம். எனவே 5 கிலோ முழுப் பழம் 1 கிலோ 375 கிராம் அளவுக்கு வர வேண்டும். நாட்டு இலந்தையில் கொட்டை பெரியது, சதை குறைவு. அதற்குக் கணக்கு மாறும். அவரவர் பழத்தை அவரவர் நிறுத்துப் பார்த்துக்கொள்வதே சரி.

தம் பழத்தில் ஈரம் எவ்வளவு என்று அறிய விரும்புவோர் 100 கிராம் சதையை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, கடும் வெயிலில் காய வைத்து நாள்தோறும் நிறுத்து வரலாம். தொடர்ந்து இரண்டு நாள் எடை குறையாமல் நின்றால் அதைத் திடப்பொருளின் எடையாகத் தோராயமாகக் கொள்ளலாம். சீக்கிரம் காயட்டும் என்று வாணலியில் வறுக்கக் கூடாது. சர்க்கரை கருகிக் கணக்குத் தப்பிவிடும். ஆய்வுக்கூடங்களிலும் தானியத்தைப் போல 105 டிகிரியில் சுடாமல், காற்றழுத்தம் குறைத்த அடுப்பில் 70 டிகிரியில் வைத்தே உலர் பழத்தின் ஈரத்தை அளக்கின்றனர்.

தராசு இல்லாதபோது கைப்பதம் பார்க்கலாம். வெயிலில் இருக்கும்போது பழம் எப்போதும் இளகியே இருக்கும் என்பதால், நிழலில் வைத்து ஆறிய பிறகே பார்க்க வேண்டும். பழத்தைப் பிளந்து நடுவில் அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. இரண்டு துண்டுகளைச் சேர்த்து அழுத்திவிட்டால் ஒட்டாமல் பிரிய வேண்டும். தோல் போல் வளைய வேண்டும், ஒடியக் கூடாது. ஒடிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது என்று பொருள். கெடாது, ஆனால் எடை வீணாகும்.

பத்து நாள் சோதனை

காய்ந்த பழத்தை உடனே மூட்டை பிடிப்பது தவறு. எல்லாப் பழமும் ஒரே அளவில் காய்ந்திருப்பதில்லை. ஆறிய பழத்தைக் கண்ணாடி ஜாடியிலோ, இறுக்கமான மூடியுள்ள டப்பாவிலோ முக்கால் பாகம் இட்டு மூடி, 7 முதல் 10 நாட்கள் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். ஈரம் அதிகமுள்ள பழத்திலிருந்து குறைந்த பழத்துக்கு ஈரம் பரவி எல்லாம் ஒரே பதமாகும்.

இந்த நாட்களில் ஜாடியின் உட்சுவரில் நீர் முத்துகள் தெரிந்தால் ஈரம் கூடுதல் என்று அறிந்து, மறுபடியும் இரண்டு நாள் வெயிலில் போட வேண்டும். முத்துகள் தெரியாவிட்டால் சேமிக்கலாம். மூட்டை மூட்டையாக உள்ளவர்கள் ஒவ்வொரு தட்டியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஜாடியில் இட்டுச் சோதிக்கலாம். பத்து நாள் தாமதம் பெரிதல்ல. சரக்கு முழுவதற்கும் அதுவே காவல்.

சேமிக்கும்போது சணல் சாக்கை மட்டும் நம்பக் கூடாது. சாக்கு காற்றை விடும். காற்றோடு ஈரமும் வரும். சர்க்கரை மிகுந்த காய்ந்த பழம், காற்றின் ஈரப்பதம் 65 சதத்தைத் தாண்டினால் ஈரத்தை வேகமாக இழுக்கத் தொடங்கும். கடலோர ஊர்களில் இரவு நேரக் காற்று அதைவிட ஈரமாகவே இருக்கும். காற்றுப் புகாத டப்பாவிலோ, தடித்த பாலிதீன் பையில் இட்டு வாயை இறுகக் கட்டியோ, சுவரில் ஒட்டாமல் மரப்பலகையின் மேல் வைக்க வேண்டும். பெரிய பையாக அல்லாமல் சிறு பைகளாகக் கட்டினால், ஒன்றைத் திறக்கும்போது மற்றவை ஈரம் வாங்காது.

பூசணம் கண்ட பழத்தைக் கழுவி மறுபடியும் காய வைத்து விற்கும் எண்ணம் கூடாது. பூசணம் கண்ணுக்கு மறைந்தாலும் அது விட்டுச் சென்ற நச்சு வெயிலில் போகாது. அத்தகைய பழத்தைக் கால்நடைக்கும் கொடுக்காமல் அழித்துவிட வேண்டும்.

இலந்தை வடையிலும் இதே கணக்கு

நாட்டு இலந்தையில் கொட்டை பெரிதாகவும் சதை குறைவாகவும் இருப்பதால் காய வைத்து விற்க ஏற்றதல்ல. அதற்குப் பெண்கள் கண்ட வழி இலந்தை வடை. பழத்தை வற்றல் மிளகாய், உப்பு, வெல்லம், பெருங்காயம் சேர்த்து உரலில் இடித்து, சிலர் புளியும் கூட்டி, வடை தட்டிக் காய வைக்கின்றனர். உப்பும் வெல்லமும் ருசிக்காக மட்டும் சேர்வதில்லை. அவை பழத்தில் உள்ள நீரைப் பிடித்துக்கொள்வதால், வடை சற்று மெதுவாக இருக்கும்போதே கெடாத நிலையை அடைகிறது. ஊறுகாய் கெடாமல் இருப்பதும் இந்த முறையில்தான்.

ஆயினும் வடை தடிமனாக இருந்தால் வெளிப்புறம் இறுகி நடுவில் ஈரம் நிற்கும். பூசணம் நடுவிலிருந்தே கிளம்பும். மெல்லியதாகத் தட்டி, ஒரு நாள் காய்ந்ததும் திருப்பிப் போட்டு, நடுவில் பிட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். உப்பையும் வெல்லத்தையும் ஒவ்வொரு முறையும் கண்ணளவில் போடாமல் நிறுத்துப் போட்டால், ஒரு தடவை நன்றாக வந்த வடை அடுத்த தடவையும் அப்படியே வரும். கடைக்குக் கொடுப்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, தயாரித்த தேதியைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.

பழமாகத் தின்பதா, காய வைப்பதா?

வைட்டமின் 'சி' வேண்டுமென்றால் புதுப் பழமே சிறந்தது. சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் அந்த வைட்டமினை அழிக்கும் என்பதால் காய வைத்த பழத்தில் அதில் ஒரு பகுதியே மிஞ்சும். சர்க்கரையும் தாது உப்புகளும் காய்ந்த பழத்தில் செறிந்து நிற்கும். எனவே பருவத்தில் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதுப் பழத்தைக் கொடுத்து, விலை சரியும் நாட்களில் மிஞ்சுவதைக் காய வைப்பதே முறை.

முதல் ஆண்டிலேயே மரத்துப் பழம் முழுவதையும் காய வைக்க வேண்டியதில்லை. 10 கிலோவில் தொடங்கி, மாதிரித் தட்டியை நிறுத்து, ஜாடியில் பத்து நாள் வைத்துப் பார்த்து, ஆடி மாதம் வரை கெடாமல் இருக்கிறதா என்று கண்டறிந்த பின் அடுத்த பருவத்தில் அளவைக் கூட்டலாம். பழம் நன்றாகப் பழுக்கும் வரை மரத்தில் பொறுத்திருப்பதும், ஈரம் 20 சதத்துக்கு இறங்கும் வரை களத்தில் பொறுத்திருப்பதும் இலந்தை விவசாயிக்கு எடையையும் விலையையும் காத்துக் கொடுக்கும்.